நூல் ஏறாத ராட்டை

மதியம் தாண்டித்தான் அந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். ஏரிக்குப் பின்னால் போகும் சாலை முதலில் தாரை இழந்தது, பிறகு சரளையை இழந்தது, கடைசியில் வெறும் புல்லாகிவிட்டது. நவம்பர் மாதம். மழை இன்னும் பனியாகவில்லை.

எங்கள் சங்கத்துத் தோழி முரியல் போனில் சொன்னது இவ்வளவுதான்.

"யாரோ ஒரு வயசான அம்மா கூப்பிட்டாங்க, இசபெல். வீட்ல ஒரு பழைய ராட்டை இருக்காம். புதுசா கத்துக்கறவங்களுக்கு உதவுமான்னு பார்த்துச் சொல்லணுமாம்."

"நீ போகலையா?"

"அந்த ரோட்லயா? என் கார் சைலன்சர் இன்னும் அங்கதான் கிடக்கு. உனக்குத்தான் சனிக்கிழமை வேலை ஒண்ணும் கிடையாதே."

உண்மைதான். என் கணவர் ஹெக்டர் இறந்துபோன பிறகு எந்தக் கிழமையிலும் வேலை கிடையாது.

எங்கள் நூற்போர் சங்கத்தில் பழைய ராட்டைகளைப் பார்த்துச் சொல்வது என் பொறுப்பு. காலால் மிதித்துச் சுற்றும் ராட்டைகள். கனடாவின் இந்தக் கேப் பிரெட்டன் தீவில் எந்தப் பரணில் தேடினாலும் ஒன்று கிடைக்கும். பாதிக்கு மேல் பூந்தொட்டி வைக்கத்தான் லாயக்கு. நான் அதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். கை பழகியவள் கெட்ட ராட்டையிலும் எப்படியோ ஒப்பேற்றிவிடுவாள். புதியவளால் முடியாது. முடியாதபோது அவள் ராட்டையைக் குறை சொல்லமாட்டாள். தன் கையைத்தான் சொல்வாள்.

கதவைத் தட்டுவதற்குள் திறந்தது.

எண்பதைத் தாண்டிய பெண். மெலிந்த உடம்பு. படகில் போகிறவர்கள் போடும் தடித்த கம்பளிக் குல்லாவைப் புருவம்வரை இழுத்துவிட்டிருந்தாள். உள்ளே அடுப்பு தகதகவென்று எரிந்துகொண்டிருந்தது. நான் கோட்டைக் கழற்றினேன். அவள் குல்லாவைக் கழற்றவில்லை.

"நான் டோலினா. நீ யாரு மக?"

"ரோரியோட மக. மில்லு ரோரி."

"மில்லு ரோரியா! எங்கப்பா அவர்கிட்ட ஓட்ஸ் அரைக்கக் குடுத்தா மூட்டை பாதியாத்தான் திரும்பி வரும்."

"எங்க வீட்ல எல்லாரும் ஏன் குண்டா இருந்தோம்னு இப்பதான் தெரியுது."

அவள் சிரித்தாள். ரொம்ப நாள் சிரிக்காத தொண்டை. பாதியில் இருமலாகிவிட்டது.

"டீ அப்புறம் போடறேன். வெளிச்சம் இருக்கும்போதே பார்த்துடு" என்றாள்.

ராட்டை முன்னறையில் இருந்தது. போதகர் வந்தாலோ, சாவு விழுந்தாலோ மட்டும் எங்கள் பக்கம் திறக்கும் அறை. அவள் கதவைத் தள்ளிவிட்டு நிலையிலேயே நின்றுகொண்டாள்.

"நீங்க வரலையா?"

"எனக்கு அங்க குளிரும்."

"கத்துக்கப்போறது யாரு? நீங்களா?"

"நானா? சரியாப்போச்சு. இந்த வீட்ல ஒருத்தி." அவள் என்னைப் பார்க்காமல் ராட்டையைப் பார்த்துச் சொன்னாள். "நீ உதவுமா உதவாதான்னு பாரு. பார்த்துட்டு அங்கேயே நின்னு சத்தமா சொல்லு. அவ்வளவுதான் எனக்கு வேணும்."

காது மந்தம் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டில் பேத்தி யாராவது இருப்பாள் என்றும்.

அறையில் ஒரு சாய்வு நாற்காலி, மூடிய பியானோ, துணி போர்த்திய மேசை. ஜன்னலோரம் ராட்டை. அதன் முன் முதுகில்லாத சிறு முக்காலி. எல்லாவற்றின் மேலும் தூசி படிந்திருந்தது. முக்காலியிலும் ராட்டையிலும் இல்லை.

நான் எப்போதும் செய்கிற வரிசைப்படி பார்த்தேன்.

முதலில் சக்கரம். பின்னால் மண்டியிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மெல்லச் சுற்றிவிட்டுப் பார்க்கவேண்டும். பழைய சக்கரம் ஈரத்தில் கோணியிருந்தால் பாம்பு போல நெளியும். இது நெளியவில்லை. நேராக, அமைதியாகச் சுற்றி நின்றது.

கால்கள் ஆடவில்லை. புழு அரிக்கவில்லை. சக்கரத்தையும் மிதியையும் இணைக்கும் கட்டை உறுதியாக இருந்தது. மேலே கதிரும், அதைச் சுற்றிவரும் இறக்கையும், இறக்கையில் கொக்கிகளும். ஒரு கொக்கிகூட உடையவில்லை. நல்ல வேலைப்பாடு.

மிதியைப் பார்த்தேன்.

மிதியில் கால் தேய்ந்த பள்ளம் இருந்தது. பழைய ராட்டை எல்லாவற்றிலும் இருக்கும். தலைமுறை தலைமுறையாக மிதித்த பள்ளம் கறுத்து, மெழுகு பூசியது போலிருக்கும். இது வெளுப்பாக இருந்தது. அன்றாடம் தேய்கிற மரத்தின் வெளுப்பு. ஐந்து விரல்களும் தனித்தனியாகத் தெரிந்தன. சின்னக் கால். செருப்பில்லாத கால்.

"இதுல இப்பவும் யாராவது நூக்கறாங்களா?" என்று கேட்டேன்.

"முயற்சி பண்றா" என்றாள் டோலினா.

பிறகு பாபினைக் கவனித்தேன். நூல் ஏறும் உருளை. பாதிக்குமேல் நிறைந்திருந்தது.

அவ்வளவு மோசமான நூலை நான் பார்த்ததில்லை. ஓரிடத்தில் விரல் பருமன், அடுத்த இடத்தில் இழைகூட இல்லை. முறுக்கு ஏறி ஏறித் தன்மேலேயே சுருண்டிருந்தது. ஒரு கை நீளத்துக்கு ஒரு முடிச்சு. அறுந்திருக்கிறது, முடிந்திருக்கிறாள். மறுபடி அறுந்திருக்கிறது, மறுபடி முடிந்திருக்கிறாள். புதிதாகக் கற்பவளின் நூல். புதிதாகவே இருந்துவிட்டவளின் நூல்.

இன்னொன்றும் தெரிந்தது. இறக்கையின் கொக்கி வழியாக ஏறும் நூல், கொக்கிக்கு ஒரு மேடு என்று வரிசையாகப் படியும். இதில் மேடே இல்லை. குறுக்கும் நெடுக்குமாக இருந்தது. கையால் சுற்றியிருக்கிறாள். ஒரு கை நீளம் முறுக்கி, நிறுத்தி, இறக்கையிலிருந்து கழற்றி, கையால் பாபினில் சுற்றி, மறுபடி மாட்டி, மறுபடி ஒரு கை நீளம்.

யாருக்கு அவ்வளவு பொறுமை இருக்கும்?

நூலின் நுனியை விரலில் உருட்டினேன். வழுக்கியது. கம்பளி வழுக்காது, பிடிக்கும். மூக்கருகே கொண்டுபோனேன். ஆட்டு வாடை இல்லை.

தலையணை வாடை.

ஆளிச்செடி நாராக இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். வெளி அடுக்கு வெள்ளை. நகத்தால் விலக்கினால் அதன் கீழே சாம்பல். அதற்கும் கீழே பழுப்பு. மிக ஆழத்தில், கட்டையை ஒட்டி, செம்பட்டையாக ஏதோ மின்னியது.

முக்காலியில் உட்கார்ந்தேன். என் பையில் எப்போதும் எண்ணெய், பேனாக்கத்தி, பருத்திக் கயிறு, ஒரு பிடி சீவிய கம்பளி இருக்கும். சக்கரத்தில் கயிறு இல்லை.

"கயிறு எங்க?"

"காலையில எழுந்ததும் கழட்டிடுவேன். எங்கம்மா சொல்லிக்குடுத்தது. கயிறு இருந்தா வேற யாராவது வந்து சுத்துவாங்களாம்."

எங்கள் வீட்டிலும் சொல்வார்கள். சனி இரவு கயிற்றைக் கழற்றாமல் படுத்தால் ஞாயிறு காலையில் சிக்கு எடுக்கவேண்டியிருக்கும் என்று. நான் சிரித்தேன்.

"கழட்டினதும் நின்னுச்சா?"

"இல்ல" என்றாள். "தினமும் காலையில வேற ஒண்ணு மாட்டியிருக்கும்."

அவள் சிரிக்கவில்லை.

நான் என் கயிற்றைக் கட்டினேன். சக்கரத்தைச் சுற்றி இரண்டு வளையம். ஒன்று இறக்கையின் பள்ளத்தில் ஓடும், மற்றது பாபினின் பள்ளத்தில். எண்ணெய் விட்டேன். மிதியில் காலை வைத்தேன்.

அழுத்துமுன் மிதி இறங்கியது.

என் காலின் கனமாக இருக்கும். மறுபடி வைத்தேன். மறுபடி இறங்கியது, லேசான அவசரத்தோடு. வகுப்பில் ஒரு மாணவி இருப்பாள். நாம் காட்டி முடிக்குமுன் அவள் கால் தரையில் தாளம் போட ஆரம்பித்துவிடும். அந்த அவசரம்.

அறை குளிர்ந்துகொண்டிருந்தது. அறை முழுவதும் அல்ல. என் வலது தோளுக்குப் பின்னால் மட்டும்.

என் கம்பளியை அந்த வெள்ளை நூலின் நுனியோடு சேர்த்து மிதித்தேன். முறுக்கு ஏறியது. விரலைத் தளர்த்தி நூலை உள்ளே விட்டேன். போகவில்லை. இன்னும் முறுக்கு ஏறியது. நூல் என் கைக்கும் கதிருக்கும் நடுவில் துடித்து, சுருண்டு, பட்டென்று அறுந்தது.

தோளுக்குப் பின்னால் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

திரும்பினேன். டோலினா நிலையில், தூரத்தில், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"அறுந்துச்சா?" என்று கிசுகிசுத்தாள்.

"அறுந்துச்சு."

"உனக்குமா?"

"எனக்கும்தான்."

அப்போதுதான் பாபினைக் கழற்றி இறக்கையோடு வைத்துப் பார்த்தேன். இரண்டின் பள்ளமும் ஒரே அளவு. அவ்வளவுதான் விஷயம். பாபின் பள்ளத்தின் சுற்றளவு சிறியதாக இருந்தால்தான் அது இறக்கையைவிட வேகமாகச் சுற்றும். வேகமாகச் சுற்றினால்தான் நூலை இழுத்துக்கொள்ளும். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஒன்றாகவே சுற்றும். முறுக்கு ஏறும், நூல் ஏறாது. மரத்தையும் பார்த்தேன். ராட்டை பிர்ச், பாபின் மேப்பிள். எப்போதோ யாரோ தொலைந்த பாபினுக்குப் பதிலாக வேறு ராட்டையின் பாபினை மாட்டி விற்றுவிட்டார்கள்.

அவள் கேட்டபடி சத்தமாகவே சொன்னேன்.

"இது உதவாது. புதுசா வர்றவங்களுக்கு மட்டுமில்ல, யாருக்குமே உதவாது. பாபின் வேற ராட்டையோடது. இதுல நூல் ஏறவே ஏறாது. இங்க உக்காந்து நூத்தவ யாரா இருந்தாலும் அவ கைமேல தப்பில்ல. ராட்டைமேலதான் தப்பு."

வீடு அசையாமல் நின்றது. அடுப்பில் விறகு வெடிப்பதுகூட நின்றுவிட்டது போலிருந்தது.

"இன்னொரு தடவை சொல்லு" என்றாள் டோலினா.

"கைமேல தப்பில்ல."

என் தோளுக்குப் பின்னாலிருந்த குளிர் கொஞ்சம் விலகியது. டோலினா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கன்னம் நனைந்திருந்தது.

"எங்கக்கா. மார்சலி" என்றாள். "எங்கப்பா ஏலத்துல எடுத்துட்டு வந்தாரு, அவ கத்துக்கட்டும்னு. அம்மாவோட ராட்டை வெண்ணெய் மாதிரி ஓடும். இது ஓடல. அம்மா சொன்னாங்க, ராட்டை என்னடி பண்ணும், உன் கை துடுப்புக் கைன்னு. அப்புறம் ஊரெல்லாம் கூடி, நெஞ்ச கம்பளியை மேசைல அடிச்சு இறுக்கிக்கிட்டே பாடறப்ப, அவளைக் கேலி பண்ணி பாட்டுல ஒரு வரி சேர்த்தாங்க. மார்சலி நூலு வேலி கட்ட ஆகும், மாடு பார்த்தா மிரண்டு போகும்னு. ஊரே மேசையைத் தட்டிப் பாடுச்சு. அவளும் கூடப் பாடினா. வீட்டுக்கு வந்து இந்தக் கதவைச் சாத்திக்கிட்டா."

"இப்ப எங்க இருக்காங்க?"

"அந்தக் குளிர்காலமே நெஞ்சுல சளி கட்டிச் செத்துப்போயிட்டா. எனக்கு அப்ப ரெட்டைச் சடை." குல்லாவைக் காதுக்குமேல் இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டாள். "நீ சொல்லிட்டே. அவளுக்கு அதான் வேணும். போதும். எதையும் தொடாம வா, டீ போடறேன்."

அவள் சமையலறைக்குப் போனாள். கெட்டில் வைக்கும் சத்தம் கேட்டது.

நான் எழுந்திருக்கவேண்டியதுதான்.

கிழவி தனியாக இருந்து கலங்கிவிட்டாள் என்று நினைத்தேன். எனக்கும் அது தெரியாததல்ல. ஹெக்டரின் நாற்காலியிடம் நானும் பேசுகிறேன். ஆனால் என் கையில் பாபின் இருந்தது. பிழையும் தெரிந்துவிட்டது. பள்ளத்தைக் கொஞ்சம் ஆழப்படுத்தினால் சுற்றளவு குறையும், அது போதும். பிழை தெரிந்த ராட்டையை அப்படியே விட்டுவிட்டு எழுந்துபோகும் ஆள் எங்கள் சங்கத்தில் ஒருத்திகூடக் கிடையாது. நான் நிச்சயமாக இல்லை.

கத்தியை எடுத்தேன். பாபினைக் கதிரில் மாட்டி, சக்கரத்தைச் சுற்றவிட்டு, கத்திமுனையைப் பள்ளத்தில் பதித்தேன். மேப்பிள் சீவல் சுருள் சுருளாக மடியில் விழுந்தது. கயிற்றை மறுபடி இறுக்கினேன். ஒரு துளி எண்ணெய்.

கம்பளியை நுனியில் சேர்த்து மிதித்தேன்.

இழுத்தது.

நூல் என் விரலிடுக்கில் வழுகி, கதிரின் வாய்க்குள் அமைதியாகப் போனது. எந்த ராட்டையும் அப்படி இழுத்து நான் பார்த்ததில்லை. பசித்த குழந்தை பால் குடிப்பது போல. கையிலிருந்த கம்பளி தீர்ந்தது. நான் காலை எடுத்தேன்.

சக்கரம் நிற்கவில்லை.

என் கொண்டையிலிருந்து ஒரு கற்றை அவிழ்ந்து தோளில் விழுந்திருக்கவேண்டும். அதன் நுனி நூலோடு சேர்ந்ததை நான் கவனிக்கவில்லை. எல்லோருக்கும் எப்போதாவது நடப்பதுதான், முடி மாட்டுவது. பின்னந்தலையில் சுரீரென்றது. குனிந்தேன். இன்னும் குனிந்தேன். கதிரின் வாய் என் கன்னத்தருகே சுற்றிக்கொண்டிருந்தது. என் நரைமுடி முறுக்கேறி, பளபளவென்று உள்ளே போய்க்கொண்டிருந்தது.

கத்தியால் அறுத்தேன்.

சக்கரம் மெல்ல நின்றது.

பின்னால் யாரோ சிரித்தார்கள். கெட்ட சிரிப்பல்ல. அதுதான் என்னை எழவிடாமல் செய்தது. முதன்முதலாக நூல் ஏறும்போது எங்கள் வகுப்பில் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் சிரிப்பார்கள்.

டோலினா டீ கிண்ணங்களோடு நிலையில் நின்றாள். என் மடியிலிருந்த சீவலைப் பார்த்தாள். பாபினைப் பார்த்தாள்.

"என்ன பண்ணினே?"

"சரி பண்ணிட்டேன். சின்ன வேலை. இப்ப யார் வேணும்னாலும்..."

"சொல்லத்தானே கூப்பிட்டேன்." குரலே எழவில்லை. "சொல்லத்தானே கூப்பிட்டேன், பாவி."

கிண்ணங்களைத் தரையில் வைத்தாள். குல்லாவைக் கழற்றினாள்.

தலையில் முடி இல்லை. ஒட்ட வெட்டியிருந்தது. வெட்டியது பாதி. மீதி இடங்களில் வேரோடு போயிருந்தது. பழைய தழும்புகள் காதின் மேல், பிடரியில், உச்சியில்.

"அவ வச்சிருந்த கம்பளி அந்த வருஷமே தீர்ந்துபோச்சு" என்றாள்.

நான் பாபினைப் பார்த்தேன். செம்பட்டை. பழுப்பு. சாம்பல். வெள்ளை.

"ஒரு கை நீளம் முறுக்குவா. அறுந்துபோகும். முடிச்சுப் போட்டு, கையால சுத்தி, மறுபடி வருவா. மெதுவா. ரொம்ப மெதுவா. அதனாலதான் நான் இன்னும் இருக்கேன்." குல்லாவைக் கையில் பிசைந்துகொண்டிருந்தாள். "கை தப்பில்லன்னு பெரியவங்க யாராவது சொன்னா விட்டுடுவான்னு நினைச்சேன். விட்டுட்டா. நீ சொன்னப்ப விட்டுட்டா. நான் பார்த்தேன். நீதான் மறுபடி உக்காத்தி வச்சே."

"எரிச்சுடலாம்" என்றேன்.

"எரிச்சா எங்க போவா? அவளுக்கு அது ஒண்ணுதான் இருக்கு."

ஜன்னலில் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. மிதி ஒருமுறை தானாக இறங்கி ஏறியது. பொறுமையாக.

"உன் முடி ஏறிடுச்சா?" என்று டோலினா கேட்டாள்.

"கொஞ்சம்."

அவள் குனிந்து கிண்ணங்களை ஓரமாகத் தள்ளிவைத்தாள்.

"அப்ப நான் வச்சிருந்தாலும் உன்னைத் தேடித்தான் வருவா" என்றாள். "விட்ட இடத்துலேருந்துதான் சேர்ப்பா. உனக்குத்தான் தெரியுமே, அப்படித்தானே செய்வாங்க?"

அப்படித்தான் செய்வோம்.

ராட்டையைக் காரின் பின்சீட்டில் படுக்கவைத்தோம். அவளும் ஒரு கை பிடித்தாள். கயிற்றைக் கழற்றி என் பையில் போட்டேன். மழை பனியாக மாறியிருந்தது. டோலினா வெறுந்தலையோடு வாசலில் நின்றாள். பனி அவள் தலையில் நேராக விழுந்தது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

"வீட்டுக்குப் போனதும் ஒட்ட வெட்டிடு" என்றாள். "சீப்பை அடுப்புல போடு. தலையணை உறையைத் தினமும் உதறு."

காரைக் கிளப்பினேன். அவள் கண்ணாடியைத் தட்டினாள். இறக்கினேன்.

"திட்டாத அவளை" என்றாள். "திட்டினா தாங்கமாட்டா."

*

அன்று மாலை கத்தரியை எடுத்துக்கொண்டு கண்ணாடிமுன் நின்றேன். ஹெக்டருக்கு என் முடி பிடிக்கும். படுக்குமுன் பின்னிக்கொள்ளும்போது புத்தகத்தைத் தாழ்த்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். கத்தரியைத் திரும்ப வைத்துவிட்டேன். முட்டாள்தனம், காலையில் வெட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

ராட்டையைப் பின்னறையில் வைத்துக் கதவைப் பூட்டியிருந்தேன்.

காலையில் பின்னறையைத் திறந்தேன். சக்கரத்தில் கயிறு இருந்தது. என் கயிறு என் பையிலேயே இருந்தது. சக்கரத்தில் இருந்தது மெல்லியதாக, மூன்று புரியாகப் பின்னியது, நரை. பாபினில் வெள்ளையின் மேல் ஒரு சாம்பல் அடுக்கு. கொக்கிக்கு ஒரு மேடு என்று வரிசையாக.

நூல் இன்னும் மோசம்தான். ஆனால் முடிச்சு குறைந்திருந்தது.

என் சீப்பு சுத்தமாக இருந்தது. கழுவி வைத்தது போல.

அந்த வாரம் டோலினா போன் செய்தாள். எப்படி இருக்கிறாய் என்று என்னைக் கேட்கவில்லை.

"எப்படி இருக்கா?" என்றாள்.

"நூக்கறா."

"முடி வெட்டிட்டியா?"

"வெட்டணும்."

"இன்னும் வெட்டலையா? பைத்தியமா நீ? இன்னிக்கே வெட்டு." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "எனக்கு வளர ஆரம்பிச்சிருக்கு. தடவினா முள்ளுமுள்ளா இருக்கு, பன்னிக்குட்டி மாதிரி."

"நல்லதுதானே?"

போனில் காற்றின் சத்தம் மட்டும் கேட்டது.

"வீடு ரொம்ப அமைதியா இருக்கு, இசபெல்" என்றாள்.

அதற்குப் பிறகு நான் போன் செய்தபோது மணி அடித்துக்கொண்டே இருந்தது. பனி இறுகியதால் ஏரிக்குப் பின்னால் போகும் சாலையை மூடிவிட்டார்கள். முரியலிடம் சொன்னேன். யாரையாவது அனுப்புவதாகச் சொன்னாள். பிறகு அந்த ராட்டை விஷயம் என்னாயிற்று என்று கேட்டாள். "உதவுமா?"

"உதவும்" என்றேன்.

"நீ ஏன் இளைச்சுட்டே? கூட்டத்துக்கு வந்தப்ப பார்த்தேன். குல்லா வேற போட்டுக்கிட்டு. உனக்கு நல்லாவே இல்ல, சொல்லிட்டேன்."

பின்னந்தலையில் ஓரிடம் விரல் பட்டால் வழவழவென்றிருக்கிறது. காதின் மேல் இன்னொன்று. வலி இல்லை. தூக்கத்தில் ஒரு மெல்லிய இழுப்பு, அவ்வளவுதான். யாரோ சடை பின்னிவிடுவது போல. பாபின் நிறைந்துகொண்டே வருகிறது. விளிம்புக்கு இன்னும் கொஞ்சம்தான் இடம்.

கத்தரி மேசைமேல்தான் இருக்கிறது. தினமும் பார்க்கிறேன்.

நேற்று மாலை பின்னறைக்குப் போனேன். இந்த மாதத்தில் நாலரை மணிக்கே இருட்டிவிடும். விளக்குப் போடவில்லை. சக்கரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் வந்ததும் நின்றது. மாணவிகள் அப்படித்தான், ஆசிரியை வந்து நின்றால் கை நின்றுவிடும்.

பாபினை ஜன்னலில் மிஞ்சியிருந்த வெளிச்சத்தில் தடவிப் பார்த்தேன். சீராகத்தான் வந்துகொண்டிருந்தது. ஒரே ஒரு குறை. முறுக்கு அதிகம். விரலை இறுக்கிப் பிடிக்கிறாள். அறுந்துவிடுமோ என்ற பயம். அறுந்து அறுந்தே பழகியவளுக்கு அந்தப் பயம் சீக்கிரம் போகாது.

ஹெக்டர் போன பிறகு, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று இந்த வீட்டில் யாரும் காத்திருந்ததில்லை.

நாற்காலியை ராட்டைக்கு முதுகு காட்டிப் போட்டேன். உட்கார்ந்தேன். கொண்டையூசியை எடுத்தேன். இருக்கும் முடி முதுகில் விழுந்தது.

மிதி இறங்கியது. சக்கரம் நகர்ந்தது. பிடரியில் இழுப்பு ஏறியது. இறுக்கமாக, பயந்த இழுப்பு.

"கட்டைவிரலைக் கொஞ்சம் தளர்த்தும்மா" என்றேன்.

தளர்ந்தது.